அசையாம நில்லு, இதோ வர்றேன்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறவர் மட்டும் தயவுசெய்து மடக்கிக்கொள்ளுங்கள். காரணம் கடைசியில் உங்களுக்கே புரியும்.

இது எனக்கு நடந்தது இல்லை. என் சிநேகிதனின் மச்சானுக்கு நடந்தது. அவன் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவர் மச்சான் ஆகிவிட்டார். அதனால் இங்கேயும் மச்சான் என்றே சொல்கிறேன். ஆள் கதை கட்டுகிற ரகம் இல்லை. பேச்சே அளந்துதான் வரும்.

இரவு பத்தரை மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மச்சான் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். குழாய் பதிப்பதற்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தார் எல்லாம் போய் வெறும் சேறு. இந்தக் கோடியில் ஒரு விளக்கு, அந்தக் கோடியில் ஒரு விளக்கு. நடுவில் இரண்டு பக்கமும் பொட்டல். ஒரு நாய்கூட இல்லை.

மச்சானுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பட்டாளத்தில் போனது. செயற்கைக் கால்தான். அவர் நடந்தால் சத்தமே தனியாக இருக்கும். சப்… டொக். சப்… டொக்.

பாதி வழியில்தான் கவனித்தார். அவர் பாட்டுக்கு நடக்கவில்லை. சேற்றில் ஏற்கெனவே பதிந்திருந்த காலடிகளில் தன் காலை வைத்து வைத்து நடந்துகொண்டிருக்கிறார்…

அது அவருக்குப் பழகிப்போன விஷயம். பட்டாளத்தில் அவருக்குக் கண்ணிவெடி எடுக்கிற வேலை. அதில் இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். முன்னால் போகிறவனுக்கு 'முன்கால்' என்று பேர். அவன் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக் கால் வைப்பான். பின்னால் வருகிறவன் 'பின்கால்'. முன்கால் எங்கே மிதித்தானோ அங்கேதான் பின்கால் மிதிக்க வேண்டும். ஓர் அங்குலம் தள்ளி மிதித்தால் வீட்டுக்குப் பெட்டியில்தான் வர வேண்டும். மச்சான் பின்கால். இத்தனை வருஷம் கழித்தும் ஈர மண்ணில் காலடியைப் பார்த்தால் கால் தானாக அதில் போய் உட்கார்ந்துவிடும். கடற்கரைக்குப் போனால்கூட அக்காவின் காலடியில்தான் நடப்பார். அக்கா என்றால் அவர் மனைவி, என் சிநேகிதனின் அக்கா.

டார்ச்சைக் கீழே அடித்துப் பார்த்தார்.

எல்லாம் வலது கால். வலது, அடுத்து வலது, அடுத்தும் வலது. நடுவில் இடது கால் விழ வேண்டிய இடத்தில் சேறு மொழுமொழுவென்று அப்படியே இருந்தது. குதிகால் பக்கம் 'வி' மாதிரி ஒரு வெட்டு.

தன் செயற்கைக் காலைத் தூக்கி பூட்ஸின் அடியைப் பார்த்தார். அதே வெட்டு.

"அட… காலையில நாம நடந்ததுதான்" என்று வாய்விட்டே சொன்னாராம். சொல்லி முடிப்பதற்குள், அவருக்கு முன்னால், டார்ச் வெளிச்சம் முடிகிற இடத்தில்… சளப். புதிதாக ஒரு காலடி. அதில் மெல்லத் தண்ணீர் ஊறியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சளப்…

ஒரு வாசனை வந்தது. ஒரு கொத்துத் தீக்குச்சி எரிந்து அணைந்த மாதிரி. கூடவே உதட்டுக்குள்ளேயே அடிக்கிற ஒரு விசில், காற்று பாதி, சத்தம் பாதி.

அந்த விசில் யாருடையது என்று மச்சானுக்குத் தெரியும்.

அவனுக்குப் பட்டப்பேர் குருவி. மச்சானின் முன்கால். பயம் வந்தால் விசிலடிப்பான். சந்தோஷம் வந்தாலும் விசிலடிப்பான். எது எதற்கென்று மச்சானுக்கு மட்டும்தான் தெரியும். முகாமில் பூட்ஸ் திருட்டு அதிகம் என்று தன் பூட்ஸ் இரண்டிலும் குதிகாலில் கத்தியால் 'வி' போட்டு வைத்திருந்தான்.

அன்றைக்கு ஒரு பாதையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். பின்னால் பெரிய அதிகாரிகளின் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இவர்களுடைய கேப்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சுத்தமா?" என்று கத்தினார். அவர்கள் வேலையில் அதுதான் கேள்வி. வெடி இல்லை என்று முன்கால் உறுதியாகச் சொன்னால் அது 'சுத்தம்'. அந்த வார்த்தையை முன்கால் மட்டும்தான் சொல்லலாம்.

"இன்னும் இல்ல சார்" என்றான் குருவி.

கேப்டன் வயர்லெஸ்ஸை எடுத்தார். "சுத்தம்" என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். அப்புறம் இவர்கள் பக்கம் திரும்பி, "நடங்கடா, குத்திக்கிட்டே நிக்காம."

கட்டளை. குருவி கம்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம்தான். இடது காலை வைத்தான்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பேனாவின் தலையை அமுக்கினால் வருமே, அந்த மாதிரி. அந்தப் பக்கத்தில் புதைத்திருந்த வெடிகளில் ஒரு ஜாதி அப்படி. மிதித்தால் வெடிக்காது. மிதித்த காலை எடுத்தால்தான்.

குருவி சிலையாக நின்றுவிட்டான். பின்னாலேயே வந்துகொண்டிருந்த கேப்டன், தான் வந்த தடத்திலேயே பின்னால் நகர்ந்தார். நகர்ந்துகொண்டே சொன்னார், "அசையாம நில்லு. ஆளைக் கூட்டிட்டு சாமானோட வர்றேன். இதோ வர்றேன்."

மச்சானையும் வரச் சொன்னார். மச்சான் போகவில்லை. குருவிக்கு நேர் பின்னால், அவனுடைய கடைசிக் காலடியில் நின்றுகொண்டு அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் பின்கால், வீட்டுல எனக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டிருக்காங்கடா. இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னது தெரிஞ்சா எவ வருவா?"

"வாயை மூடிக்கிட்டு நில்லுடா. இதோ வர்றேன்னுட்டுப் போயிருக்காரு."

காலுக்கடியில் இருந்த நிழல் நீள ஆரம்பித்தது. நீண்டுகொண்டே போனது. தூரத்தில் வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்டது. வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். 'சுத்தம்' என்று சொன்ன இடத்தில் வெடி இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்று கேப்டன் எந்த வாயால் கேட்பார்? கேட்கவில்லை. வரவும் இல்லை.

சாயங்காலம் குருவியின் தொடை ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக. அப்புறம் மச்சானின் கைகளும் சேர்ந்து ஆடுகிற அளவுக்கு. விசிலடித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான்.

"அவரு வரமாட்டாருடா."

சொல்லிவிட்டு முழங்கையால் மச்சானின் நெஞ்சில் ஓங்கி ஓர் இடி. மச்சான் பின்னால் விழுந்தார். வெளிச்சம்தான் தெரிந்தது. சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கால் இல்லை. கட்டிலுக்கடியில் ஒரு பையில் அவர் சாமான்கள். அதில் வலது கால் பூட்ஸ் ஒன்று மட்டும். குதிகாலில் 'வி'. குருவியிடம் மிஞ்சியது அதுதான். அளவு ஒன்றாக இருந்ததால் இவருடையது என்று யாரோ போட்டுவிட்டார்கள். அப்புறம் செயற்கைக் கால் மாட்டியபோது அதையே மாட்டிக்கொண்டார். தூக்கிப் போட மனசு வரவில்லை.

கேப்டன் மேலே என்ன சொன்னார் தெரியுமா? குருவிதான் அவசரப்பட்டு 'சுத்தம்' என்று சொன்னான், அப்புறம் உதவி வருவதற்குள் பொறுமை இல்லாமல் காலை எடுத்துவிட்டான் என்று. மச்சான் இல்லை இல்லை என்று கத்தினார். 'அதிர்ச்சியில் உளறுகிறான்' என்று ஊசி போட்டார்கள். மறுநாளும் சொன்னார். மறுநாளும் ஊசி. என்றைக்குச் சொல்வதை நிறுத்தினாரோ அன்றைக்கே குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தது உடம்பு மட்டும்தான். தூக்கத்தில் கத்துவார். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த குழந்தையை, அது சின்னப் பெண், "அசையாதே!" என்று சொல்லி இடுப்போடு பிடித்துக்கொண்டு விடிகிறவரை விடவில்லை. அதிலிருந்து அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுத்தான் படுப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்தத் தாழ்ப்பாள் திறக்க வருஷக்கணக்காயிற்று. போர் முடிந்து வந்தவர்களுக்கென்று ஒரு மறுவாழ்வு நிலையம். அங்கேயே செயற்கைக் கால் செய்கிற பட்டறை. அதில் மச்சானுக்கு வேலை கிடைத்தது. சுண்ணாம்பு மாவு அச்சு எடுப்பது, அரத்தால் ராவுவது, வார் தைப்பது. ஒரு காலோடு வந்தவன் இரண்டு காலோடு நடந்து போவதைப் பார்ப்பதே மருந்து. அங்கே இடது கால் இல்லாத ஒருத்தர் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஜோடி செருப்பு வாங்கி, இடதை மச்சானும் வலதை அவரும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவருக்குப் பேர் பங்காளி.

வாரம் ஒரு நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேச வேண்டும். டாக்டரம்மா ஒருத்தர் நடத்துவார். நல்ல மாதிரி.

"மறக்கச் சொல்லல. தூக்கிக்கிட்டே திரியறீங்களே, அதைக் கொஞ்சம் கீழ வைங்கன்னுதான் சொல்றேன்" என்பார்.

"கீழ வெச்சா வெடிக்கும் டாக்டரம்மா" என்பார் மச்சான். வட்டமே சிரிக்கும்.

சிரிக்கச் சிரிக்க ஏதோ சரியாகிக்கொண்டு வந்தது. இந்த வருஷம்தான் அந்தக் கதவு திறந்தது. பிள்ளை அப்பா பக்கத்தில் படுத்து, அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது. மச்சானுக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்தக் கதவு மறுபடி சாத்தாமல் இருந்தால் போதும்.

அப்போதுதான் ரோட்டில் அந்தக் காலடிகள்.

அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பூட்ஸைக் கழுவித் துடைத்து, காலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்தார். நுனி சுவரைப் பார்க்க.

காலையில் அக்காதான் முதலில் பார்த்தாள்.

"ராத்திரி எங்க போனீங்க?"

"எங்கயும் போகலையே."

"அப்ப உங்க கால் மட்டும் தனியாப் போயிட்டு வந்துச்சா?"

கேலியாகத்தான் கேட்டாள். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பூட்ஸ் முழுக்கச் சேறு. நுனி வாசலைப் பார்த்து நின்றது.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். அக்கா உள் அறைக் கதவின் தாழ்ப்பாளை ஒரு தரம் பார்த்தாள். அவள் பார்த்ததை மச்சான் பார்த்தார்.

அந்த வாரம் நிலையத்தில் ஒரு கூட்டம். மன உறுதியைப் பற்றிப் பேசப் பெரிய ஆள் ஒருவர் வருகிறார், ஓய்வு பெற்ற அதிகாரி என்று சொன்னார்கள். மாலை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள்.

காரிலிருந்து இறங்கினது கேப்டன்.

தலை நரைத்துத் தொப்பை போட்டிருந்தது. குரல் மட்டும் அதே குரல். மச்சான் இரண்டாவது வரிசை. அவர் பார்வை மச்சான் மேல் பட்டு, வழுக்கிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போனது. அடையாளமே தெரியவில்லை.

பேசினார். நன்றாகத்தான் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"என்கிட்ட ஒரு பையன் இருந்தான். வெடியை மிதிச்சுட்டான். அசையாம நில்லுடா, ஆளோட வர்றேன்னு ஓடினேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள காலை எடுத்துட்டான். இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா இன்னிக்கு உங்களோட உக்கார்ந்திருப்பான். அந்தக் கொஞ்ச நேரம்தாங்க மன உறுதி. அவன் தப்பால நான் எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா? ஆனா இப்ப நிம்மதியா இருக்கேன். நான் அவனை மன்னிச்சுட்டேன்."

மன்னித்துவிட்டாராம்.

டாக்டரம்மா மச்சானைப் பார்த்தார். மச்சானின் இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்திருந்த பிடியில் வெளுத்துப்போயிருந்தன. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். 'பழையபடி உளற ஆரம்பிச்சுட்டாரு.' ஊசி. மாத்திரை. உள் அறைக் கதவு. வாயை இறுக மூடிக்கொண்டார்.

வாயைத்தான் மூட முடிந்தது. நாற்காலிக்கடியில் அந்த பூட்ஸின் நுனி தரையைத் தட்ட ஆரம்பித்தது. டக்… டக்… டக். கம்பியால் மண்ணைக் குத்திப் பார்க்கிற அதே தாளம். மச்சான் தட்டவில்லை. முழங்காலுக்குக் கீழே தட்டுவதற்கு அவருக்கு என்ன இருக்கிறது?

மேடையில் பேச்சு நின்றது. கேப்டன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம் பேச்சைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்.

"என்ன பங்காளி, கால் ஆடுது?" என்று காதோரம் கேட்டார் பங்காளி.

"தெரியல" என்றார் மச்சான்.

கூட்டம் முடிந்து விருந்து, போட்டோ எல்லாம் ஆகி எல்லோரும் போனபோது இருட்டிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. மச்சான் பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பின்னால் குடையோடு ஒருவர்.

"ஏம்பா, நீ இங்க வேலை பாக்கறவனா? கார் அந்தக் கோடியில சேத்துல மாட்டிக்கிட்டு நிக்குதாம். டிரைவர் வந்து சொல்லிட்டு மறுபடி அங்கயே ஓடிட்டான். போன் வேற கார்ல கிடக்குது. கொஞ்சம் துணைக்கு வாயேன்."

"வர்றேன் சார்."

இரண்டு பேரும் நடந்தார்கள். கேப்டன் கையில் டார்ச். விளக்கு முடிகிற இடத்தில், சேறு ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிட்டார். அவரும் அந்த வேலையில் இருந்தவர்தானே. ஆள் நடக்காத மண்ணில் முதலில் கால் வைக்க மாட்டார்.

"நீ முன்னாடி போ."

"எனக்கு முன்னாடி போய்ப் பழக்கம் இல்ல சார். நான் பின்கால்."

டார்ச் மெதுவாக மேலே வந்தது. மச்சானின் முகத்தில் நின்றது.

"…நீயா?"

"நான்தான் சார்."

"நல்லா இருக்கியா? குணமாயிடுச்சுன்னு சொன்னாங்க."

"குணமாயிடுச்சு சார். ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா? இங்க யாரும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதும் இல்ல. அன்னிக்கு 'சுத்தம்'னு சொன்னது யாரு?"

மச்சான் சத்தியம் பண்ணிச் சொன்னார். அந்த மனுஷன் அப்போது 'நான்தான்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கையைப் பிடித்துக் கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று.

"அவன்தான்பா சொன்னான். உனக்கு அப்ப மனசு சரியில்லாம இருந்துச்சு. ஞாபகம் இருக்காது."

அப்போது அந்த வாசனை வந்தது. தீக்குச்சிக் கொத்து. அப்புறம் விசில்.

"யாருப்பா விசிலடிக்கிறது?"

"நான் இல்ல சார்."

கேப்டன் டார்ச்சை முன்னால் அடித்தார். சேற்றில் வரிசையாகக் காலடிகள். அவர் முகத்தில் உயிர் வந்தது.

"பாரு, யாரோ போயிருக்கான். நல்லதாப் போச்சு."

முதல் காலடியில் வலது காலை வைத்தார். இடதை நுனிவிரலில் நடுவில் ஊன்றி, அடுத்ததில் மறுபடி வலது. அவர் பயந்த ஆள். பயந்த ஆள் காலடி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். எந்தக் கால் என்று பார்ப்பாரா?

மச்சான் பார்த்தார். எல்லாம் வலது. காலடிகள் குழாய்ப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கின. பொட்டலுக்குள் போயின. கேப்டனும் இறங்கினார், பின்னாலேயே மச்சானும். "சார், அது வலது கால் மட்டும்தான் சார்" என்ற வார்த்தை மச்சானின் நாக்கு வரைக்கும் வந்தது. நாக்கிலேயே நின்றது.

வரிசை முடிகிற இடத்தில் ஒரே ஒரு காலடி. அது மட்டும் இடது.

கேப்டன் இடது காலை அதில் வைத்தார்.

டிக்.

மழையிலும் தெளிவாகக் கேட்டது. டார்ச் கையிலிருந்து விழுந்து சேற்றில் குத்திக்கொண்டு நின்றது.

"கேட்டுச்சா?" கேப்டனின் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது.

"கேட்டுச்சு சார்."

"இங்க எப்படி… இந்தப் பக்கம் சண்டையே நடக்கலையேப்பா…"

"நடக்கல சார்."

"போ. ஓடு. டிரைவர்கிட்ட சொல்லு. ஆளைக் கூட்டிட்டு வா. என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

மச்சான், தான் வந்த தடத்திலேயே பின்னால் நகர்ந்தார். தன் வாயிலிருந்து வார்த்தை வருவது அவருக்கே கேட்டது.

"அசையாம நில்லுங்க சார். ஆளைக் கூட்டிட்டு வர்றேன். இதோ வர்றேன்."

திரும்பி நடந்தார். கார் நின்ற கோடிக்கு இல்லை. குறுக்குச் சந்து வழியாக வீட்டுக்கு. சப்… டொக். சப்… டொக். பின்னால் குரல் வந்துகொண்டே இருந்தது. முதலில் "டேய்! எங்கடா போற?" அப்புறம் "தம்பி…" கடைசியில், சந்து திரும்பும்போது, "ஐயா… ஐயா…"

வீட்டுக்கு வந்தார். ஈரத்தைத் துவட்டிக்கொண்டார். பழக்கத்தில் காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆளின் தொடை இப்போது ஆட ஆரம்பித்திருக்கும் என்று நினைத்தார். குருவியின் தொடை ஆடினது தன் கைக்குள் அப்படியே இருந்தது. எதற்கும் போய்ச் சொல்லிவிடலாம் என்று காலை எடுக்கக் குனிந்தார்.

வரவில்லை. தரையில் ஆணி அடித்த மாதிரி பூட்ஸ் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் இழுத்தார். ம்ஹூம்.

மூலையில் கவைக்கோல் சாத்தியிருந்தது. அதை ஊன்றிக்கொண்டு போகலாம். மச்சான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாராம். இதை அவரே என்னிடம் சொன்னார், மறைக்கவில்லை. அப்போது பிள்ளை புரண்டு படுத்து அவர் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

மச்சான் படுத்தார். வருஷக்கணக்கில் தூங்காத தூக்கம். விடிந்து, வெயில் ஏறி, அக்கா வந்து எழுப்பினாள்.

பூட்ஸ் காய்ந்து சுத்தமாக இருந்தது. நுனி சுவரைப் பார்த்திருந்தது.

கேப்டனை விடியற்காலையில் டிரைவர்தான் கண்டுபிடித்தான். ராத்திரியெல்லாம் காரிலேயே தூங்கிவிட்டிருக்கிறான். பொட்டல் நடுவில் நின்றபடியே இருந்தார். வலது கால் மடிந்து தொங்க, முழு உடம்பும் இடது காலில். தூக்க வந்தவர்களைக் கிட்ட வர விடவில்லை. "எடுத்தா வெடிக்கும், எடுத்தா வெடிக்கும்" என்று கத்தினார். வெடி எடுக்கிறவர்களையே வரவழைத்தார்கள். கருவி வைத்துப் பார்த்தார்கள். கம்பியால் குத்திப் பார்த்தார்கள். கடைசியில் ஆட்கள் சேர்ந்து அமுக்கிப் பிடித்துத் தூக்கினபோது அவர் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டதாம். அந்த இடத்தைத் தோண்டியே பார்த்துவிட்டார்கள்.

ஒன்றுமே இல்லை. சுத்தம்.

இப்போது அதே நிலையத்தில், பின் அறையில் இருக்கிறார். டாக்டரம்மாதான் பார்க்கிறார். இடது காலைத் தரையிலிருந்து எடுக்க மாட்டார். தூங்குவதும் சாப்பிடுவதும் நின்றபடிதான். அவர் சாய்ந்துகொள்ள ஒரு கட்டைச் சட்டம் வேண்டும் என்று பட்டறைக்குச் சொன்னார்கள். மச்சான்தான் செய்து கொடுத்தார். நன்றாக ராவி, மெத்தை வைத்துத் தைத்து, ஒரு குறை சொல்ல முடியாத வேலை.

தினமும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"ஆள் வந்தாச்சாப்பா?"

"இதோ சார்" என்பார் மச்சான். வீட்டுக்குப் போய்விடுவார்.

பாவமாக இல்லையா மச்சான் என்று நான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"டாக்டரம்மா கீழ வைக்கச் சொன்னாங்க. வெச்சுட்டேன்."

அக்கா அந்த உள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றியே போட்டுவிட்டாள். ஆணி இருந்த ஓட்டைகூட அடைத்தாகிவிட்டது. ராத்திரி அந்த நிலையத்தில் தரை துடைக்கிற அம்மாள்தான் வேலையை விட்டுவிட்டாள். பின் அறையில் கேப்டனுக்கு நேர் பின்னால், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நெருக்கமாக, யாரோ உதட்டுக்குள்ளேயே விசிலடிக்கிறார்களாம். அது பயத்தில் அடிக்கிற விசில் மாதிரி இல்லை, சந்தோஷத்தில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

அவ்வளவுதான். நேரமாகிவிட்டது. காலை மடக்கச் சொன்னேனே, இனி நீட்டிக்கொள்ளலாம். எழுந்தும் போகலாம்.

…என்ன, ஒருத்தரும் காலை எடுக்கக் காணோம்?

அது சரி… இப்போது 'டிக்' என்று பேனாவை அமுக்கினது யார்?